வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு எந்தத் துப்பாக்கி சைட்?

செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றின் முகப்பில் நின்று உள்ளே பாருங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் முகப்பு நிலை, அதைத் தாண்டி நடுமுற்றமான வளவின் தூண்கள், அப்புறம் இரண்டாம் கட்டு நிலை, கடைசியில் பின் தெருவுக்குத் திறக்கிற கதவின் வெளிச்சம். எல்லாம் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் இருக்கும். இருபது வயதுக் கண் இந்த நாலுக்கும் மாறி மாறித் தாவும். தாவுவது அதற்கே தெரியாது. ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்குப் பின்வாசல் தெரியும், இரண்டாம் கட்டும் தெரியும். பக்கத்து நிலையில் செதுக்கியிருக்கிற கஜலட்சுமியின் முகம் மட்டும் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கும்.

மருந்து இடித்துச் சுடுகிற துப்பாக்கியில் குறி பார்ப்பதும் இதே சங்கதிதான். குறி பார்க்க வெட்டு வைத்த தகடான பின்சைட் கைக்கெட்டும் தூரத்தில், அந்த வெட்டுக்குள் நிறுத்திப் பார்க்கிற முன்சைட் குழல் முனையில், இலக்கு ஐம்பது மீட்டருக்கு அப்பால். மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. இளம் கண் வேகமாகத் தாவி அந்தக் குறையை மறைத்துவிடுகிறது. வெள்ளெழுத்து, அதாவது பெரியவர்கள் சாளேஸ்வரம் என்று சொல்வது, வந்தபிறகு அந்தத் தாவல் நின்றுபோகிறது.

இந்த நிலையில் பலரும் இலக்கு தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அதற்கு வைத்தியம் பார்க்கிறார்கள். கோளாறு இலக்கில் இல்லை. பின்சைட்டில் இருக்கிறது. உங்கள் கண்ணால் இனி குவிக்க முடியாத தூரத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. ஒன்று, அதைக் குழலோடு முன்னால் தள்ள வேண்டும். அல்லது கண்ணுக்கு வெகு பக்கத்தில் கொண்டுவந்துவிட வேண்டும். இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு முன்சைட்டுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிப்பதாலோ, இலக்கைப் பெரிதாக்குவதாலோ பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

தொடங்குமுன் ஒரு விஷயம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும், பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பரண்களிலும் பழைய துப்பாக்கிகள் கண்ணில் பட வாய்ப்புண்டு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழம்பொருள் மதிப்புள்ள ஆனால் சுடுவதற்கே உதவாத, பழுது பார்த்தாலும் உதவாத ஆயுதங்களுக்குத்தான் விலக்குக் கொடுத்திருக்கிறது. அவை சுவரில் மாட்ட மட்டுமே. அவற்றில் மருந்து போடுவது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து. இங்கே எழுதுவது, லைசென்ஸ் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். (குழல் வாய் வழியே மருந்து இடிக்கிற ஒற்றைக்குழல்) என்று பதிவாகி முறையான லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கும், மதுரை, திருச்சி பக்கம் ரேஞ்சில் சுடுகிற கருமருந்து ரைபிளுக்கும். அதேபோல, துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றவும் லைசென்ஸ் பெற்றவருக்குத்தான் உரிமை. சைட்டை நகர்த்துவதும், அது உட்காருகிற பள்ளமான காடியை வெட்டுவதும் அவர் வேலை. பட்டறையில் கொடுக்கிற வேலை இல்லை. எங்கே, எவ்வளவு என்று முடிவு செய்து அவரிடம் அளவாகச் சொல்வதுதான் நம் பங்கு.

கண்ணின் கணக்கு

கண்ணாடிக் கடையில் சொல்கிற பவர் என்பது டயாப்டர். ஒன்றை மீட்டரால் வகுத்தால் அந்தத் தூரத்தைப் பார்க்கத் தேவையான டயாப்டர் வந்துவிடும். நீளக் குழல் துப்பாக்கியில் கண்ணிலிருந்து முன்சைட் ஏறக்குறைய 1.2 மீட்டர். அதற்கு 0.83 டயாப்டர். பின்சைட் வழக்கமாக 45 சென்டிமீட்டரில் இருக்கும். அதற்கு 2.2 டயாப்டர். இலக்குக்குப் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சிறு வயதில் கண்ணால் பத்து டயாப்டருக்கு மேலேயே இழுத்துக் குவிக்க முடியும். அறுபது வயதில் ஒரு டயாப்டர் மிஞ்சினால் பெரிது. கண்புரை அறுவை முடித்து உள்ளே லென்ஸ் வைத்தவர்களுக்கு அதுவும் கிடையாது. தூரப் பார்வைக்கு வைத்த லென்ஸ் தூரத்திலேயே நின்றுவிடும்.

இப்போது பின்சைட் எவ்வளவு மங்கும் என்று பார்க்கலாம். குவியம் எத்தனை டயாப்டர் தப்பியதோ அதைக் கண்பாவையின் விட்டத்தால் பெருக்கி, வருவதைப் பொருளின் தூரத்தாலும் (மீட்டரில்) பெருக்கினால் மங்கலின் அகலம் மில்லிமீட்டரில் கிடைக்கும். முன்சைட்டில் கண்ணைக் குவித்திருக்கும்போது பின்சைட்டின் தப்பு 1.4 டயாப்டர். நல்ல வெயிலில் கண்பாவை 2 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தால் மங்கல் 1.25 மில்லிமீட்டர். மாலை மங்கும்போது பாவை 4 மில்லிமீட்டராக விரிந்தால் 2.5 மில்லிமீட்டர். பழைய பின்சைட்டின் வெட்டே ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அதாவது மாலையில் அந்த வெட்டு முழுவதும் மங்கலால் அடைத்துக்கொள்கிறது. காலையில் கூட்டமாக விழுந்த குண்டுகள் சாயங்காலம் சிதறுகிறது என்று சொல்கிறார்களே, அதற்குக் கை நடுக்கத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

ரீப்பர் கட்டையும் தீக்குச்சியும்

துப்பாக்கியைத் தொடாமலே இதையெல்லாம் வீட்டில் சோதித்துவிடலாம். ஒன்றேகால் மீட்டர் நீளத்தில் நேரான ரீப்பர் கட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நுனியில் தீக்குச்சித் துண்டைச் செங்குத்தாக ஒட்டி, மார்க்கரால் கறுப்பாக்குங்கள். தீக்குச்சி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலம். நல்ல முன்சைட்டின் அகலமும் அதுவே. கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கறுப்பாக்கி, அதன் மேல் விளிம்பில் 2 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சதுரமாக வெட்டி, துணிக் கிளிப்பால் கட்டையில் நிறுத்துங்கள். கிளிப் என்பதால் முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

கட்டையின் மறு நுனியைக் கன்னத்தில் அணைத்து, வளவின் ஒரு ஓரத்திலிருந்து எதிர்ச்சுவரில் ஒட்டிய கறுப்பு வட்டத்தைப் பாருங்கள். தீக்குச்சியின் விளிம்பில் கண்ணை நிறுத்திக்கொண்டு, கிளிப்பை 40 சென்டிமீட்டரிலிருந்து ஐந்தைந்து சென்டிமீட்டராக முன்னால் தள்ளச் சொல்லுங்கள். ஓர் இடத்தில், குச்சிக்கு இரண்டு பக்கமும் தெரிகிற வெளிச்சக் கீற்றுகள் பிரிந்து தனித்தனியாக நிற்கும். அந்தத் தூரத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஒருமுறை, மாலை ஐந்தரை மணிக்கு ஒருமுறை. இரண்டு குறிக்கும் இடையே நாலு விரல் வித்தியாசம் வந்தாலும் ஆச்சரியமில்லை. மாலைக் குறியை நம்புங்கள். அதுதான் மோசமான நேரம்.

கட்டையைப் பிடிக்குமுன் எந்தக் கண் முந்துகிறது என்று பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து தூரத்துத் தூணைக் கட்டைவிரலால் மறைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் தூண் மேலேயே நிற்கிறதோ அதுவே முந்துகிற கண். வலது தோளில் சுடுகிறவருக்கு இடது கண் முந்தினால் எந்த சைட்டும் உதவாது. இடது கண்ணாடியில் பார்வை விழும் இடத்தில் ஒளி ஊடுருவுகிற பால்நிற டேப்பைச் சின்னதாக ஒட்டுங்கள். கண்ணை இறுக்கி மூட வேண்டாம். ஒரு கண்ணை இறுக்கினால் மற்றதும் சுருங்கும், கண்ணீரும் கட்டும்.

கண்ணாடிக் கடைக்குக் கட்டையோடு போங்கள்

சைட்டுக்குக் காசு செலவழிக்கிறதுக்கு முன்னால் கண்ணாடி. இந்த வரிசையை மாற்றினவர்கள் சைட்டை இரண்டுதரம் வாங்குகிறார்கள்.

அதிகம் நடக்கிற தப்பு, படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுடுவது. பிளஸ் 2 அல்லது 2.5 கண்ணாடி 40, 50 சென்டிமீட்டரில் குவிக்கும். பின்சைட்டின் ஒவ்வொரு கீறலும் அழகாகத் தெரியும். முன்சைட் கரைந்துபோகும், இலக்கு இருக்கிற இடமே தெரியாது. இரட்டைக் கண்ணாடியிலும் இதே தொந்தரவு. கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படிந்ததும் பார்வை லென்ஸின் மேல் பகுதி வழியாகத்தான் போகும், அங்கே தூரத்துப் பவர் மட்டுமே இருக்கிறது. முன்சைட்டுக்காக முகத்தைத் தூக்கினால் கன்னம் கட்டையை விட்டுவிடும். புரோக்ரஸிவ் லென்ஸில் தெளிவாகத் தெரிகிற பாதை குறுகலானது. தலை சிறிது சாய்ந்தாலும் முன்சைட் வளைந்து தெரியும்.

வேண்டியது ஒற்றைப் பவர் கண்ணாடி. ரீப்பர் கட்டையை எடுத்துக்கொண்டு போய் டெஸ்ட் செய்கிறவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "எனக்குத் தூரத்துக்கு என்ன பவரோ அதை ஃபிரேமில் போடுங்க. அதுக்கு மேல பிளஸ் கால், அரை, முக்கால்னு ஒவ்வொண்ணா வச்சுக் காட்டுங்க. இந்தக் குச்சியோட விளிம்பு எதுல கூர்மையா தெரியுதுன்னு நான் சொல்றேன்." குச்சி தெளிவாகத் தெரிகிற பவர்களில் ஆகக் குறைந்தது எதுவோ அதை எடுங்கள். பலருக்கு அரை போதும். முன்சைட்டின் 0.83-க்கும் இலக்கின் பூஜ்யத்துக்கும் நடுவில் நிற்கிற எண் அது. குவியம் 2 மீட்டரில் விழும், முன்சைட்டும் இலக்கும் ஆளுக்குக் கொஞ்சம் மங்கலைப் பங்கு போட்டுக்கொள்ளும். வெயிலில் 50 மீட்டர் இலக்கின் விளிம்பு 5 சென்டிமீட்டர் அளவுக்குக் கரையும். 20 சென்டிமீட்டர் கறுப்பு வட்டத்துக்கு அது ஒன்றும் செய்யாது. வட்டம் வட்டமாகவே தெரியும். உள்லென்ஸ் வைத்தவர்கள் முக்காலையும் கட்டாயம் பார்க்க வேண்டும்; முன்சைட் கத்தி மாதிரி நிற்கும், இலக்கு இன்னும் கொஞ்சம் கரையும். எனக்குக் கேட்டால் முன்சைட் பக்கம்தான் சாய்வேன். மங்கின வட்டத்தின் நடுவைக் கண் தானாகவே கண்டுபிடிக்கும். மங்கின முன்சைட்டின் நடுவை அப்படிக் கண்டுபிடிக்க அதனால் முடிவதில்லை.

சிலிண்டர் பவர் இருந்தால் அதை விட்டுவிடக் கூடாது. அச்சு தப்பினால் முன்சைட்டின் செங்குத்து விளிம்பு இரட்டையாகத் தெரியும், மேல் விளிம்பு மட்டும் தெளிவாக இருக்கும், அல்லது தலைகீழாக. கட்டையில் கன்னம் வைத்த சாய்விலேயே டெஸ்ட் செய்யச் சொல்வது இதற்காகத்தான். சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் நாட்களில் கண்ணாடி எழுதிக்கொள்ளாதீர்கள். சர்க்கரை மாறும்போது கண் பவரும் மாறும். மாத்திரையில் சர்க்கரை நிலைத்த பிறகு எடுத்த அளவுதான் நிற்கும். நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ, பார்வையின் நடுவில் மட்டும் புகை படர்ந்தாலோ அது சைட் பிரச்சினை இல்லை. மதுரைக்கு பஸ் ஏறி விழித்திரையைக் காட்டிவிட்டு வாருங்கள்.

லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். துப்பாக்கியின் குதிரை (சுத்தி) விழும்போது, மருந்தைப் பற்றவைக்கிற கேப்பின் செப்புத் துணுக்குகள் தெறிக்கும். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் பொறியும் மருந்துப் புகையும் முகத்துக்குப் பக்கத்திலேயே எழும். சாதாரணக் கண்ணாடி லென்ஸ் உடைந்தால் அந்தச் சில்லே கண்ணுக்குள் போகும்.

பின்சைட்டை முன்னால் தள்ளுவது

கட்டைச் சோதனையில் பென்சில் குறி 70, 75 சென்டிமீட்டரில் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். பின்சைட்டை அங்கே கொண்டுபோனால் குவியத் தப்பு 1.4-லிருந்து அரை டயாப்டராக இறங்குகிறது. வெயிலில் மங்கல் முக்கால் மில்லிமீட்டர், மாலையில் ஒன்றரை. வெட்டையும் இரண்டரை மில்லிமீட்டராக அகலப்படுத்தினால் இரண்டு பக்கமும் கீற்று தெளிவாக நிற்கும்.

இதற்கு விலை உண்டு. முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடைவெளி 75 சென்டிமீட்டராக இருந்தது இப்போது 45. முன்சைட் வெட்டுக்குள் 0.1 மில்லிமீட்டர் ஒதுங்கினால் 50 மீட்டரில் முன்பு 6.7 மில்லிமீட்டர் விலகும்; இப்போது 11 மில்லிமீட்டர். ஆனாலும் தெளிவாகத் தெரிகிற 45, தெரியாத 75-ஐவிட மேல். 0.1 ஒதுங்கினதைப் பார்க்க முடிந்தால்தானே அந்த நீண்ட இடைவெளிக்குப் பலன்?

புதுக் காடி வெட்டுவது குழலின் சதையைக் குறைக்கிற வேலை. குழல் மெலிந்த இடத்தில் வெட்டவே கூடாது. எண்கோணக் குழலில் சுவர் கனம் எவ்வளவு என்று அளந்த பிறகே கைவைக்க வேண்டும். பழைய காடியை வெறுமையாக விடாமல் அதே அளவுக்கு இரும்புத் துண்டு அடைத்துவிடலாம். ஏணி மாதிரி எழுகிற பின்சைட் உள்ள 1853 மாதிரி என்ஃபீல்டு ராணுவ ரைபிள் போன்றவற்றில் இதைச் செய்யாதீர்கள். அந்தத் துப்பாக்கியின் வரலாறே அந்த சைட்டில் இருக்கிறது. 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் இந்தியச் சிப்பாய்களுக்கென்று குழலை உள்ளே மரை இல்லாமல் வழுவழுப்பாக்கி, ஏணியை எடுத்துவிட்டு அசையாத ஒற்றை சைட் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு சைட்டைப் பார்த்தாலே எந்தக் காலம், யார் கைக்குப் போனது என்று சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட துப்பாக்கிக்குக் கண்ணாடி மட்டும்தான் வைத்தியம்.

வெட்டின் வடிவமும் முக்கியம். கண் மங்கினவருக்கு ஆங்கில வி வடிவ வெட்டு வேண்டாம். மங்கல் அதன் அடிமுனையைத்தான் முதலில் விழுங்கும். முன்சைட் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதே தெரியாது, குண்டு மேலும் கீழுமாகப் போகும். அடி தட்டையான சதுர வெட்டு நல்லது. இரண்டு பக்கமும் மாட்டுக் கொம்பு மாதிரி வளைந்து நிற்கிற பழைய அமெரிக்க பின்சைட், பார்க்க அழகு. அந்தக் கொம்புகள் வெளிச்சத்தையும் இலக்கையும் மறைத்துக்கொண்டு நிற்கும். கொம்பை நீக்கி மேல் விளிம்பைத் தட்டையாக்கினால் அதே சைட் உபயோகமாகிவிடும்.

கண்ணுக்குப் பக்கத்தில்: துளை சைட்

என் கணிப்பில், போட்டி விதி இடம் கொடுத்தால் இதுதான் முதல் தேர்வு. குழலின் பின்வாலில் (குழலுக்குப் பின்னால் கட்டையில் படிந்து நீள்கிற இரும்பு நாக்கில்), கண்ணிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டரில், சின்னத் துளை உள்ள தட்டு. துளையின் விளிம்பு மங்கித்தான் தெரியும். அதைப் பார்க்கவே வேண்டாம். வெளிச்சம் நடுவில் அதிகமாக இருப்பதால் கண் தானாக நடுவுக்கு வந்துவிடும். முன்சைட்டை மட்டும் பார்த்து இலக்கில் வைத்தால் போதும். மூன்று பொருள் இரண்டாகிறது.

கூடவே இன்னொரு நன்மை. துளை, கண்பாவையைச் சுருக்கின மாதிரி வேலை செய்கிறது. 1.2 மில்லிமீட்டர் துளை வழியாக அரை டயாப்டர் தப்பின 50 மீட்டர் இலக்கு 3 சென்டிமீட்டர் மட்டுமே கரையும். மாலையில் வெறும் கண்ணுக்கு அது 10 சென்டிமீட்டர். சைட்டுகளின் இடைவெளியும் ஒரு மீட்டரைத் தாண்டிவிடுகிறது, 0.1 மில்லிமீட்டர் தப்புக்கு 50 மீட்டரில் 4.5 மில்லிமீட்டர்தான்.

துளையின் அளவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சின்னது நல்லது என்று 0.8-க்குக் கீழே போனால் ஒளி துளை விளிம்பில் சிதறி, எல்லாமே ஒரே சீராக மங்கும். நம் ஊர்க் காலை வெயிலுக்கு 1.0 முதல் 1.2. மேகமூட்டத்துக்கும் மாலைக்கும் 1.5 முதல் 2. 1.2 துளை, 4 மில்லிமீட்டர் பாவைக்குப் போகிற வெளிச்சத்தில் பதினொன்றில் ஒரு பங்கைத்தான் விடும் என்பதால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் அதை வைத்து ஒன்றும் தெரியாது. துளைத் தட்டு திருகிக் கழற்றுகிற மாதிரி இருந்து, இரண்டு மூன்று அளவில் கையில் இருக்க வேண்டும். வாங்குமுன் சோதிக்க, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் சர்க்யூட் போர்டு துளையிடும் 1.0, 1.2, 1.5 டிரில் பிட்டுகளால் விசிட்டிங் கார்டில் ஓட்டை போட்டு, ரீப்பர் கட்டையில் கிளிப்பை இந்தப் பக்க நுனிக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

பின்வாலை இறுக்குகிற திருகின் ஓட்டையிலேயே உட்காருகிற துளை சைட்டாகத் தேடுங்கள். புதிதாக ஓட்டை போட வேண்டியிருக்காது, வேண்டாமென்றால் பழையபடி ஆக்கிவிடலாம். உதைப்பில் தட்டு புருவத்தில் இடிக்காதபடி கண்ணுக்கும் தட்டுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். குதிரையை இழுக்கும் விரலுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் வாங்குமுன் பாருங்கள். உயரம் குறைந்த கட்டைகளில் இது இடிக்கும்.

துளை சைட் நவீன காலத்து ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 1874 செப்டம்பரில் நியூயார்க்குக்குப் பக்கத்தில் கிரீட்மூரில் அயர்லாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் 800, 900, 1000 கெஜத்தில் மோதினார்கள். அயர்லாந்து அணி கொண்டுவந்தது ரிக்பி செய்த, மருந்து இடிக்கிற ரைபிள்கள். வெர்னியர் அளவு வைத்த துளை சைட்டோடு. 934-க்கு 931 என்று மூன்றே புள்ளியில் தோற்றார்கள். இடிதுப்பாக்கியும் துளை சைட்டும் பழைய கூட்டாளிகள்தான். ஆனால் போட்டிக்குப் போகிறவர்கள் விதியைப் படித்துவிட்டுப் போக வேண்டும். சர்வதேச இடிதுப்பாக்கிச் சங்கக் கூட்டமைப்பின் போட்டிகளில் 30 நிமிடத்தில் 13 குண்டு சுட்டு, சிறந்த 10 கணக்கில் வரும். ராணுவ ரைபிள் பிரிவில் அந்தத் துப்பாக்கி எந்த சைட்டோடு வந்ததோ அதுதான் இருக்க வேண்டும்.

பின்சைட்டே இல்லாமல் முனையில் ஒரு மணி மட்டும் உள்ள வழுவழுப்புக் குழல் துப்பாக்கிக்கு, கண்தான் பின்சைட். கன்னம் 5 மில்லிமீட்டர் ஏறினாலும் 40 மீட்டரில் குண்டு 16 சென்டிமீட்டர் மேலே போகும். ரவைக்கு இது பொருட்டில்லை. ஒற்றை உருண்டைக் குண்டுக்கு, கட்டையில் கன்னம் படிகிற இடத்தில் தோல் பட்டை சுற்றி ஒரே உயரத்தை உறுதி செய்வது, எந்த சைட்டுக்கும் முந்தைய வேலை.

முன்சைட்டும் வெயிலும்

பழைய நீளக் குழல்களில் முன்சைட் மெல்லிய வெள்ளி அல்லது பித்தளைத் தகடாக, தாழ்வாக இருக்கும். அரைவெளிச்சத்தில் அது மின்னித் தெரிவதற்காக அப்படி வைத்தார்கள். செட்டிநாட்டு வெயிலில் அதுவே எதிரி. செம்மண் தரையும், சுண்ணாம்பு பூசின வெள்ளைச் சுவரும் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒளியை எறியும். வெயில் வலப்பக்கம் இருந்தால் தகட்டின் வலது பக்கம் மட்டும் பளிச்சிடும். கண் அந்தப் பளிச்சிடும் பாகத்தையே சைட் என்று எடுத்துக்கொண்டு அதை நடுவில் வைக்கும். உண்மையான சைட் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். குண்டு வெயிலை விட்டு விலகி இடப்பக்கம் போகும். இப்படி அரை மில்லிமீட்டர் ஏமாந்தால் 50 மீட்டரில் 3 சென்டிமீட்டருக்கு மேல். கண்புரை தொடங்கியவர்களுக்கு இந்தப் பளபளப்பு இன்னும் பரவித் தெரியும்.

ஆகவே கறுப்பு. கண்ணைப் பார்க்கிற முகம் தட்டையாக, மேல் விளிம்பு சதுரமாக, 2 முதல் 2.5 மில்லிமீட்டர் அகலம். மேலே கூராகிற முன்சைட் வேண்டாம். நுனி மங்கலில் மறைந்ததும் கை தானாக அதை உயர்த்தும், குண்டு மேலே போகும். 2 மில்லிமீட்டர் சைட் 50 மீட்டரில் 8 சென்டிமீட்டர் அகலத்தை மறைக்கும். 20 சென்டிமீட்டர் வட்டத்தின் அடியில் அதை உட்காரவைப்பது சுலபம்.

கறுப்பாக்கக் கற்பூரப் புகையை மிஞ்சியது இல்லை. பளபளப்பே இல்லாத கறுப்பு. ஆனால் துப்பாக்கிக்குப் பக்கத்தில், மருந்துக்குப் பக்கத்தில் கற்பூரம் கொளுத்தவே கூடாது. வீட்டில், பூஜை அறையில், எவர்சில்வர் டம்ளரின் அடியில் புகை படியவிட்டு, ஆறினதும் சுரண்டிச் சிமிழில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரேஞ்சில் உலர்ந்த பஞ்சுக் குச்சியால் தொட்டு ஒற்றினால் போதும். கண்மை உதவாது, அதில் இருக்கிற எண்ணெய் வெயிலில் மின்னும்.

தொப்பியின் முன்மடிப்பு நெற்றியை மட்டும் அல்ல, கண்ணாடியின் பக்கவாட்டையும் மறைக்க வேண்டும். குறி பார்த்து ஏழெட்டு நொடிக்குள் சுட முடியவில்லை என்றால் துப்பாக்கியை இறக்கிப் பச்சையைப் பாருங்கள். அதற்கு மேல் உற்றுப் பார்த்தால் முன்சைட் கறுத்தபடியே மனதில் நிற்கும். கண் உண்மையில் அதைப் பார்த்துக்கொண்டிருக்காது.

அராவுகிற நேரம்

புது முன்சைட் உயரமாகவே இருக்கட்டும். முதலில் குண்டுகள் தாழத்தான் விழும், அது வேண்டியதுதான். இலக்கில் எத்தனை மில்லிமீட்டர் தாழ்வோ அதைச் சைட்டுகளின் இடைவெளியால் பெருக்கி, தூரத்தால் வகுங்கள். 50 மீட்டரில் 10 சென்டிமீட்டர் தாழ்வு, இடைவெளி 75 சென்டிமீட்டர் என்றால் 1.5 மில்லிமீட்டர் அராவ வேண்டும். ஒரே மூச்சில் அராவிவிடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் எடுத்துவிட்டு ஐந்து குண்டு, பிறகு 0.1, 0.1 ஆக. எடுத்த உலோகத்தைத் திருப்பி வைக்க முடியாது. இடம் வலத்துக்குப் பின்சைட்டை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதே பக்கம் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டி நகர்த்தச் சொல்லுங்கள். நகர்த்துமுன் குழலிலும் சைட்டிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துவிட்டால் திரும்பி வர வழி இருக்கும். டார்கெட்டின் மூலையில் நேரம், வெயில் வந்த பக்கம், கண்ணாடிப் பவர், துளையின் அளவு நாலையும் எழுதுங்கள். காலை எட்டு மணிக்கு வலப்பக்க வெயிலில் சுட்டதை வைத்துச் சைட்டைத் தட்டினால், மாலையில் மறுபடியும் தட்ட வேண்டி வரும்.

கருமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும், இரும்பை அரிக்கும். ஐந்தாறு குண்டுக்கு ஒருமுறை லென்ஸைப் பாருங்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் கசடு கீறிவிடும், முதலில் தண்ணீர் விட்டுத்தான் துடைக்க வேண்டும். துளை சைட்டிலும் கசடு படிந்து 1.2 மில்லிமீட்டர் துளை ஒரு பக்கமாகக் குறுகும். முன்சைட் ஒதுங்கினாற்போல் தெரிந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குண்டூசி விட்டுக் குடையாதீர்கள், துளையின் வட்டம் கெட்டுவிடும். தென்னை ஈர்க்கின் மெல்லிய நுனியைத் தண்ணீரில் தொட்டு ஒரு சுற்று சுற்றி எடுத்தால் துளை சுத்தமாகிவிடும்.